13 வயசு விசேஷமும் வேர்ல்டு கப் ஃபைனலும் ஒரே நாளில்! 1966-ல் ஒரு லண்டன் பையனுக்கு நடந்த கதை

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. சமையல்காரருக்கும் சொல்லியாச்சு. பத்திரிகையைப் பாதி பேருக்கு நேர்லயும் மீதி பேருக்கு வாட்ஸ்அப்லயும் கொடுத்து முடிச்சாச்சு. அப்புறம்தான் யாரோ ஒரு சித்தப்பா கேலண்டரைப் பார்த்துட்டு மெதுவா கேட்பார்... ``ஏம்பா, அன்னிக்கு ஃபைனல் ஆச்சே?''

கிரிக்கெட் பார்க்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் ஒரு முறையாவது விழுந்திருக்கும் இடி இது. ஆனால், இந்த விஷயத்தில் உலகத்திலேயே பெரிய அடி வாங்கியவர் யார்னு கேட்டால், பால் வேலண்டைத்தான் சொல்லணும். லண்டனைச் சேர்ந்த யூதக் குடும்பத்துப் பையன். 1966 ஜூலை 30, சனிக்கிழமை அவருக்கு `பார் மிட்ஸ்வா'. அதாவது, 13 வயது நிறைவதை ஊரைக் கூட்டிக் கொண்டாடும் விசேஷம். அதே நாளில், அதே லண்டனில், வெம்ப்லி மைதானத்தில் கால்பந்து உலகக் கோப்பை ஃபைனல். அதில் ஆடியது இங்கிலாந்து!

பின்னாளில் இயக்குநரான வேலண்ட், `மிஸ்டர் பீன்' தொடரின் சில எபிசோடுகளை எடுத்தவர். தனக்கு நடந்ததை வைத்து 2006-ல் `சிக்ஸ்டி சிக்ஸ்' என்ற படத்தையும் எடுத்தார். சிரிப்புப் படம்தான். ஆனால் பார்த்து முடிக்கும்போது தொண்டையில் ஏதோ நிற்கும். அந்த நாளில் என்ன நடந்தது, அந்த விசேஷம் ஏன் அவ்வளவு முக்கியம், நம்ம வீட்டு விசேஷங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பார் மிட்ஸ்வா என்றால் என்ன?

யூத மதத்தில் ஒரு பையனுக்கு 13 வயது ஆனதும் அவன் பெரியவன். `பார் மிட்ஸ்வா' என்ற சொல்லுக்கு `கட்டளையின் மகன்' என்று பொருள். அதுவரை அவன் செய்யும் நல்லது கெட்டதுக்கு அப்பாதான் பொறுப்பு. அன்றிலிருந்து அவனே பொறுப்பு. `இவனுடைய தவறுக்கான பொறுப்பிலிருந்து நான் விடுபட்டேன்' என்கிற பொருளில் அப்பா ஒரு சிறிய பிரார்த்தனை சொல்வதும் வழக்கம். (நம்ம ஊர் அப்பாக்கள் மனசுக்குள் சொல்வதை அங்கே சத்தமாகவே சொல்கிறார்கள், அவ்வளவுதான்!)

பொதுவாக இந்தச் சடங்கு நடப்பது, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில், ஜெப ஆலயத்தில். எல்லோர் முன்னாலும் அந்தப் பையனை மேடைக்கு அழைப்பார்கள். யூதர்களின் வேதமான தோராவிலிருந்து ஒரு பகுதியை அவன் ராகத்தோடு வாசிக்க வேண்டும்.

கேட்க ஈஸியா இருக்கும். ஆனால், தோரா என்பது தோலில் கையால் எழுதப்பட்ட நீளமான சுருள். அதில் ஹீப்ரு எழுத்துகள் மெய்யெழுத்துகளாக மட்டுமே இருக்கும். உயிர் ஒலிக்குறிகள் கிடையாது, ராகக் குறிகளும் கிடையாது. புள்ளி வைக்காத நம்முடைய பழைய ஓலைச்சுவடியைக் கையில் கொடுத்து, `பாடு' என்று சொல்வது மாதிரி. எந்த இடத்தில் எந்த ஒலி வரும், எங்கே ராகம் ஏறும், எங்கே இறங்கும் என்று எல்லாமே மனப்பாடமாக இருக்கணும். சுருளைக் கையால் தொடவும் கூடாது. விரல் நீட்டிய கை மாதிரி செய்த ஒரு வெள்ளிக் குச்சியால் வரியைச் சுட்டிக்காட்டி வாசிக்க வேண்டும். தப்பாக வாசித்தால் கூட்டத்திலிருந்தே திருத்துவார்கள்.

இதற்காகப் பல மாதங்கள், சில வீடுகளில் ஒரு வருஷம்கூட பயிற்சி நடக்கும். குரல் உடையும் வயசு வேற. அப்போது ஒரு பையனுக்கு வயிற்றில் என்னென்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாசித்து முடித்ததும் அவன் மேல் மிட்டாய் வீசுவது பல இடங்களில் உண்டு. அதற்கப்புறம் விருந்து, பேச்சு, பாட்டு, நடனம், கவர். மொய்க் கணக்கும் இருக்கு! நாம் 101, 501 என்று ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதுபோல, அவர்கள் 18-ன் மடங்குகளில் வைப்பார்கள். ஹீப்ருவில் `உயிர்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். அதனால் 18, 36, 54 என்று போகும்.

பெண் பிள்ளைகளுக்கு இதேபோல `பாட் மிட்ஸ்வா' உண்டு. அது 12 வயதில். அமெரிக்காவில் முதல் பாட் மிட்ஸ்வா நடந்தது 1922-ல், நியூயார்க்கில்.

அந்தத் தேதிதான் ஏன்?

`ஃபைனல்னு தெரியுதுல்ல, ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்கலாமே?' என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல்.

தோராவை வருஷம் முழுக்கப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த வாரத்துக்கு எந்தப் பகுதி என்பது முன்கூட்டியே முடிவானது. ஒரு பையன் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்வது தன்னுடைய வாரத்துக்கான பகுதியை. அடுத்த வாரம் தள்ளி வைத்தால் அந்தப் பாடமே மாறிவிடும். பரீட்சைக்கு நான்கு நாள் முன்னாடி, சிலபஸை மாற்றுவது மாதிரி.

இன்னொரு விஷயம், நம்ம ஆடி மாசம் போல அவர்களுக்கும் விசேஷம் வைக்காத நாள்கள் உண்டு. ஜெருசலேமில் இருந்த யூதர்களின் ஆலயம் இரண்டு முறை இடிக்கப்பட்டது. அதை நினைத்து, அவர்களின் `ஆவ்' மாதம் 9-ம் தேதி முழு நாளும் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பார்கள். அதற்கு முந்தைய மூன்று வாரங்களும் துக்க காலம். கல்யாணம் வைக்க மாட்டார்கள், பாட்டுக் கச்சேரியைத் தவிர்ப்பார்கள். விரதம் முடிந்து வரும் முதல் சனிக்கிழமைக்கு `ஆறுதலின் ஓய்வுநாள்' என்று பொருள்படும் பெயர் உண்டு. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் நம்ம ஊர் மண்டபங்களில் லைட் எரியுமே, அந்த மாதிரி ஒரு நாள்.

1966-ல் அந்த விரதம் வந்தது ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. `ஆறுதலின் ஓய்வுநாள்' வந்தது ஜூலை 30, சனிக்கிழமை. அந்த வாரத்துக்கான பகுதி, நம்ம ஊர் கிறிஸ்தவர்களுக்கும் தெரிந்த உபாகமத்திலிருந்து வருகிறது. பத்துக் கட்டளைகள் இருக்கும் பகுதி அது. ஆக, யூத நாள்காட்டிப்படி பார்த்தால் விசேஷம் வைக்க அதைவிடப் பொருத்தமான நாள் அந்த மாதத்தில் இல்லை.

கால்பந்து நாள்காட்டிதான் குறுக்கே வந்தது.

1966 ஜூலை: நாள்வாரியாக ஒரு சோதனை

ஃபைனல் தேதி எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனால், அதில் இங்கிலாந்து இருக்கும் என்பது உறுதியில்லை. அதற்கு முன் இங்கிலாந்து கோப்பையை வென்றதே இல்லை. 1950-ல் அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்று மானம் போன அணி அது. 1966 மார்ச்சில் கோப்பையே திருடு போய், ஒரு வாரம் கழித்து பிக்கிள்ஸ் என்ற நாய்தான் ஒரு புதரடியில் கண்டுபிடித்தது. இந்த லட்சணத்தில் ஃபைனலை யார் நினைப்பார்கள்?

* ஜூலை 11: முதல் மேட்ச். இங்கிலாந்து - உருகுவே, 0-0. விசேஷ வீட்டுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.
* ஜூலை 16: மெக்சிகோவை 2-0 என வென்றது.
* ஜூலை 20: பிரான்ஸை 2-0. இப்போது லேசாக வயிறு கலங்கும்.
* ஜூலை 23: காலிறுதியில் அர்ஜென்டினாவை 1-0.
* ஜூலை 26: அரையிறுதி. எதிரில் யூசேபியோவின் போர்ச்சுகல். பாபி சார்ல்டன் இரண்டு கோல் அடிக்க, 2-1 என வெற்றி.

கடைசித் தேதியைக் கவனித்தீர்களா? ஜூலை 26. அந்த விரத நாள் அதேதான். ஆலயம் இடிந்ததற்காக யூத வீடுகளில் பட்டினி கிடந்த அன்றுதான், இங்கிலாந்து ஃபைனலுக்குப் போனதும் முடிவானது. விசேஷத்துக்கு மிச்சம் நான்கே நாள். பத்திரிகையை மாற்றி அடிக்கக்கூட நேரம் கிடையாது.

ஜூலை 30 அன்று பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எதிரணி மேற்கு ஜெர்மனி. உலகப் போர் முடிந்து 21 வருஷம்தான் ஆகியிருந்தது. யூதக் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் வெறும் கால்பந்து அணியின் பெயராக மட்டும் இருந்திருக்காது. 12-வது நிமிடம் ஜெர்மனி ஒரு கோல். 18-ல் ஜெஃப் ஹர்ஸ்ட் சமன் செய்தார். 78-ல் மார்ட்டின் பீட்டர்ஸ் கோல் அடித்ததும், அவ்வளவுதான், கப் நமக்கே என்று ஊரே துள்ளியது. 89-வது நிமிடம் ஜெர்மனி மறுபடி சமன் செய்தது. எக்ஸ்ட்ரா டைம்!

அதாவது, `மேட்ச் முடிஞ்சதும் ஓடி வந்துடுறோம்' என்று சொல்லியிருந்த சொந்தக்காரர்களுக்கு இன்னும் அரை மணி நேரம். அதில் ஹர்ஸ்ட் மேலும் இரண்டு கோல் அடித்து ஹாட்ரிக் போட்டார். பந்து கோட்டைத் தாண்டியதா, இல்லையா என்று இன்றுவரை சண்டை நடக்கும் கோல் அதில் ஒன்று. 4-2. மைதானத்தில் 96,924 பேர். பிரிட்டனில் டிவியில் பார்த்தவர்கள் சுமார் 3.2 கோடி. அன்றைய பிரிட்டன் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல்!

கண்டிப்பான யூத வீடுகளில் சனிக்கிழமை சூரியன் மறையும் வரை டிவி போட மாட்டார்கள், கார் ஓட்ட மாட்டார்கள். ஆனால், எல்லா வீடும் அவ்வளவு கண்டிப்பானது கிடையாது. உறவினர்களிலும் கால்பந்துப் பைத்தியங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு மதியத்தில் ஒரு 13 வயதுப் பையனைப் பார்க்க யார் வருவார்கள்?

படத்தில் என்ன சொல்கிறார்கள்?

(ஸ்பாய்லர் பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

`சிக்ஸ்டி சிக்ஸ்' படத்தில் பையனின் பெயர் பெர்னி. நடித்தவர் கிரெக் சல்கின். வடக்கு லண்டனில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாவாக எடி மார்சன், அம்மாவாக ஹெலெனா போன்ஹாம் கார்ட்டர். `ஹாரி பாட்டர்' பெல்லாட்ரிக்ஸேதான்!

பெர்னி யார் கண்ணிலும் படாத பையன். ஸ்கூலில் டீமுக்கு ஆள் எடுக்கும்போது கடைசியில் நிற்பவன். வீட்டிலும் அண்ணனுக்கு அடுத்த இடம். ஆஸ்துமா வேறு. அண்ணனின் பார் மிட்ஸ்வாவைப் பார்த்ததும் அவனுக்கு ஒன்று புரிகிறது. ஒரே ஒரு நாள், எல்லோரும் தன்னை மட்டும் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளுக்காகப் பட்டியல் போடுகிறான், திட்டம் தீட்டுகிறான்.

இதற்கிடையே அப்பாவின் கடைப் பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் வருகிறது. தொழில் படுக்கிறது. பையனின் பிரமாண்டக் கனவு ஒவ்வொரு படியாகச் சுருங்கி, வீட்டோடு முடிகிற விசேஷமாகிறது. ஃபைனல் தேதி தெரிந்ததும், ஊரே இங்கிலாந்து ஜெயிக்க வேண்டும் என்று கத்த, இவன் ஒருவன் மட்டும் எதிரணிக்காக வேண்டுகிறான். தேசத்துரோகம் மாதிரி தெரியும். ஆனால், அவன் பக்கம் நின்று பார்த்தால் நாமும் உருகுவேக்குத்தான் கை தட்டுவோம்.

கடைசியில் இங்கிலாந்து ஃபைனலுக்குப் போகிறது. ஒவ்வொருவராக `வர முடியல' என்கிறார்கள். அப்புறம் அப்பா செய்யும் ஒரு காரியம்தான் படத்தின் உயிர். எதற்கெடுத்தாலும் பயப்படும் அந்த மனிதர், மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராக வெம்ப்லிக்கு விடுகிறார்.

சொந்தக்காரர்கள் வராததைக்கூட அந்தப் பையன் தாங்கிக்கொள்வான். அப்பா தன்னைக் கவனிக்கவில்லை என்பதுதான் அவனுடைய உண்மையான வலி. அது அங்கேதான் தீர்கிறது.

மேட்ச்சை விட்டுக்கொடுத்தவர்!

இதற்கு நேர்மாறாக ஒரு கதை, அதற்கு ஒன்பது மாதம் முன்பு அமெரிக்காவில் நடந்தது. சாண்டி கூஃபாக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் நட்சத்திரம். யூதர். 1965 அக்டோபர் 6, பேஸ்பாலின் மிகப்பெரிய தொடரான `வேர்ல்டு சீரிஸ்' முதல் ஆட்டம். அன்றுதான் யூதர்களின் மிகப் புனிதமான பாவமன்னிப்பு நாள், யோம் கிப்பூர். `ஆட மாட்டேன்' என்று சொல்லிவிட்டார் கூஃபாக்ஸ். அந்த ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 8-2 எனத் தோற்றது.

அப்புறம் என்ன ஆச்சு? தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. அக்டோபர் 14 அன்று, இரண்டே நாள் ஓய்வில் வந்து பந்து வீசிய கூஃபாக்ஸ் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை. 2-0. கோப்பை டாட்ஜர்ஸுக்கு, தொடர் நாயகன் விருது கூஃபாக்ஸுக்கு.

விளையாட்டு வீரரே விசேஷ நாளுக்காக மேட்ச்சை விட்டார். ரசிகர்கள் மேட்ச்சுக்காக விசேஷத்தை விடுகிறார்கள். இது என்ன நியாயம்?

200 பேர் வேண்டாம், 10 பேர் போதும்

யூத மரபில் ஒரு கணக்கு உண்டு. கூட்டுப் பிரார்த்தனை நடத்தவும், தோராவைச் சபையில் வாசிக்கவும் பெரியவர்கள் குறைந்தது 10 பேர் வேண்டும். பழைமையான மரபில் 10 ஆண்கள். இன்று பல சபைகளில் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பார் மிட்ஸ்வா ஆன பையனுக்குக் கிடைக்கும் உண்மையான பரிசு இதுதான். அன்றிலிருந்து அவனும் அந்தப் பத்தில் ஒருவன். ஒன்பது பேர் காத்திருக்கும் இடத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் உள்ளே வந்தால், பிரார்த்தனை தொடங்கும்.

இதைப் புரிந்துகொள்ள லண்டன் வரை போக வேண்டாம். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. டூர் போனவர்கள் அதன் நீல வெள்ளைத் தரை ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். 1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். ஒரு கட்டத்தில் அந்த ஆலயத்தில் 10 பேர் சேருவதே பெரும் பாடானது. வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளையும் சேர்த்தால்தான் கணக்கு நிறையும் என்ற நிலை. மெழுகுவர்த்தி விளக்குகள், சுருள்கள், பெஞ்சுகள் எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை.

நம்ம சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கல் ட்ரெயின் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால், பவளக்காரத் தெரு நடக்கிற தூரம்தான். 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து பவளம் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரம் வாங்கிப் போன வணிகர்கள் புழங்கிய இடம். அவர்களில் யூதர்கள் முக்கியமானவர்கள். 1688-ல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியபோது நியமித்த 12 ஆல்டர்மேன்களில் 3 பேர் யூத வணிகர்கள். இன்று அவர்கள் நினைவாக மிஞ்சியிருப்பது லாயிட்ஸ் ரோட்டில் ஒரு சிறிய கல்லறைத் தோட்டம்.

விளையாட்டையும் விட்டுவிடவில்லை. மும்பையின் பெனே இஸ்ரேல் யூத சமூகத்தைச் சேர்ந்த ஜூடா ரூபன், 1969 முதல் 1977 வரை 10 டெஸ்ட் மேட்ச்களில் அம்பயராக நின்றவர்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள்.

* 1983 ஜூன் 25, கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய நாள்: சனிக்கிழமை, ஆனி மாசம்.
* 2011 ஏப்ரல் 2, தோனி சிக்ஸர்: சனிக்கிழமை, பங்குனி.
* 2023 நவம்பர் 19, அகமதாபாத் சோகம்: ஞாயிற்றுக்கிழமை, கார்த்திகை.
* 2024 ஜூன் 29, டி20 கோப்பை: சனிக்கிழமை, ஆனி.

நான்குமே வார இறுதி. ஒன்றுகூட ஆடியிலோ மார்கழியிலோ இல்லை. கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு முறை அதிர்ஷ்டம் அடித்தது. மெஸ்ஸி கோப்பை வாங்கிய 2022 டிசம்பர் 18, மார்கழி 3-ம் தேதி. எந்த மண்டபமும் குறுக்கே வந்திருக்காது!

ஐ.பி.எல் இன்னும் மோசம். சித்திரை, வைகாசியில்தான் பள்ளி லீவு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் எல்லாம் அப்போதுதான். மேட்ச் தொடங்குவது இரவு 7.30. ரிசப்ஷன் மேடையில் ஆள்கள் ஏறும் அதே நேரம். 2023-ல் சி.எஸ்.கே ஃபைனல் மே 28 ஞாயிறு நடக்க வேண்டியது. மழையால் திங்களுக்குப் போய், செவ்வாய் அதிகாலையில் ஜடேஜாவின் கடைசி இரண்டு பந்துகளில் முடிந்தது. ஃபைனலுக்கு ரிசர்வ் டே உண்டு. காதுகுத்துக்குக் கிடையாது.

கும்மிடிப்பூண்டி மாதிரி ஊர்களில் சிக்கல் ரெட்டிப்பு. சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு விசேஷத் தேதி என்பது பஞ்சாங்கம் பார்த்து மட்டும் வருவதில்லை. யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு லீவு கிடைக்கும், சென்னைப் பக்கத்துச் சொந்தங்களுக்குத் திரும்பிப் போகக் கடைசி லோக்கல் எத்தனை மணிக்கு... இத்தனையும் ஒத்து வரணும். இவ்வளவு பாடுபட்டுக் குறித்த நாளில், பந்தியில் உட்கார்ந்தவர் இலையைப் பார்க்காமல் இலைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த மொபைலைப் பார்த்தால்?

சாப்பாடு குறையாது. மொய் குறையாது. மேடையில் நிற்கும் பிள்ளையைப் பார்க்கிற கண்கள்தான் குறையும். மேட்ச் எடுத்துக்கொண்டு போவது அதைத்தான்.

யாருடைய நாள் அது?

இங்கே ஒன்றை நேராகப் பேசணும். பெர்னிக்கு எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நம்ம ஊரில் அதே வயதில் நடக்கும் பெரிய விசேஷம், பெண் பிள்ளைகளுக்கான மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் வரிசை, மேளம், ஃப்ளெக்ஸ் பேனர். சில பெண்களுக்கு அது சொந்தமெல்லாம் கூடிய சந்தோஷமான நினைவு. ஆனால் பலருக்கு, தன் உடம்பில் நடந்த ஒரு மாற்றம் தெருமுனை பேனரில் ஏறியது இன்றும் கூச்சமான நினைவுதான். அன்று ஃபைனல் வந்து யாருமே வராமல் இருந்தால் நல்லாயிருக்குமே என்று நினைத்த பிள்ளைகளும் இருப்பார்கள்.

பையன்களுக்கோ பூணூல் போடும் குடும்பங்களைத் தவிர்த்தால், 13 வயதில் பெரும்பாலும் ஒன்றுமே கிடையாது. குரல் உடையும், மீசை அரும்பும், `இன்னும் சின்னப் பையனா நீ?' என்ற திட்டு மட்டும் புதுசாக வரும். `இன்றிலிருந்து நீயும் எங்களில் ஒருவன்' என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

ஒரு பிள்ளை பார்க்கச் சொல்கிறது. இன்னொரு பிள்ளை பார்க்காதே என்கிறது. இரண்டு பேரிடமும் நாம் கேட்பதில்லை. ஜோசியரைக் கேட்கிறோம், மண்டபத்தைக் கேட்கிறோம், தாய்மாமனைக் கேட்கிறோம். விசேஷத்துக்குரிய பிள்ளையை மட்டும் கேட்பதில்லை.

தேதி குறிக்கும் முன்... ஒரு செக்லிஸ்ட்!

* முதல் கேள்வி பிள்ளையிடம்: விசேஷம் வேணுமா, எவ்வளவு பெருசா வேணும், யார் யார் வரணும்? பேனர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.
* மேட்ச் அட்டவணையையும் பாருங்க: வேர்ல்டு கப், ஐ.பி.எல் அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும். பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் அதையும் வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். `நம்ம டீம் எங்கே ஃபைனல் வரப்போகுது' என்று அசட்டையாக இருக்காதீங்க. 1966-ல் அப்படித்தான் நினைத்தார்கள்.
* தேதி மோதிடுச்சா? நேரத்தை மாத்துங்க: இரவு மேட்ச் என்றால் விசேஷத்தைக் காலையில் வைத்து, மதியச் சாப்பாட்டோடு முடிக்கலாம். வந்தவர்களுக்கும் லோக்கல் ட்ரெயின் பிடிக்க வசதி.
* ஸ்க்ரீன் வைப்பதா, வேண்டாமா? மண்டபத்திலேயே புரொஜெக்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போடுவதாக இருந்தால், மேடை நிகழ்ச்சி முழுசா முடிந்த பிறகு போடுங்க. மேடையும் ஸ்க்ரீனும் ஒரே நேரத்தில் ஓடினால் மேடைதான் தோற்கும்.
* அந்தப் பத்து பேர்: 500 பேரை அழைத்தாலும், கட்டாயம் வர வேண்டியவர்கள் பத்து பேர்தான் இருப்பார்கள். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, ஒரு டீச்சர், உயிர் நண்பன். அவர்களுக்கு மெசேஜ் அனுப்பாமல் போன் பண்ணுங்க. `நீங்க இல்லாம நடக்காது' என்று சொல்லுங்க.
* விருந்தாளியாகப் போகிறீர்களா? ஸ்கோர் பார்க்கலாம், தப்பில்லை. மேடையில் பிள்ளை நிற்கும் அந்தப் பத்து நிமிஷம் மட்டும் போன் பாக்கெட்டில் இருக்கட்டும். ஹைலைட்ஸ் ராத்திரி யூடியூபில் வரும். பிள்ளையின் முகத்துக்கு ஹைலைட்ஸ் வராது.

யூத மரபுப்படி பார்த்தால், விருந்து, ஏன் சடங்குகூட இல்லாவிட்டாலும் 13 வயது நிறைந்தாலே ஒரு பையன் பார் மிட்ஸ்வா ஆகிவிடுகிறான். யார் வந்தாலும் வராவிட்டாலும் வயசு வந்துவிடும். அப்படியானால் ஊரைக் கூப்பிடுவது எதற்கு? `உன்னையும் ஒரு ஆளாக எண்ணிக்கொண்டோம்' என்று அந்தப் பிள்ளைக்குக் காட்டத்தான். அதற்கு மண்டபம் நிறைய வேண்டியதில்லை. வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

இங்கிலாந்து ஆண்கள் அணி அதற்கப்புறம் இன்னொரு முறை உலகக் கோப்பை ஃபைனலுக்குப் போகவே 1966-ல் இருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தும் முடியவில்லை. 2018-ல் அரையிறுதியோடு திரும்பியது. போன ஒரே முறை, ஒரு பையனின் விசேஷ நாளாகப் பார்த்துப் போனது. அவர் அதைக் கோபமாகச் சுமக்காமல் ஒரு சினிமாவாக்கி, அன்று வராதவர்களையும் சேர்த்து உலகத்தையே தன் பார் மிட்ஸ்வாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். வீக் எண்டில் நேரம் கிடைத்தால் போய் உட்காருங்க. மொய் வைக்க வேண்டியதில்லை!